வெறுங்கால் படம் நத்தார்ப் படமா?

தம்பி, உங்கள் சனசமூக நிலையத்தில் நடந்த சண்டையை இரண்டு கேள்வியாகச் சுருக்கி அனுப்பியிருக்கிறீர்கள். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் நாலு இரவு வெளியில் திரை கட்டிப் படம் போடப் போகிறீர்கள். நத்தார் இரவுக்கு ஒருவர் ‘டை ஹார்ட்’ என்கிறார். இன்னொருவர், கட்டடம் முழுக்கப் பிணம் விழுகிற படம் எப்படி நத்தார்ப் படமாகும் என்கிறார். பொங்கல் இரவுக்குப் ‘பாபநாசம்’ என்று முடிவாகப் போன நேரத்தில் மூன்றாமவர் எழும்பி, மூலப்படம் ‘திருஷ்யம்’ இருக்கும்போது ரீமேக் எதற்கு, ஒருவர் சாப்பிட்டு எழும்பின இலையில் நாங்கள் குந்துவதா என்று கேட்டு எல்லாரையும் வாயடைக்க வைத்திருக்கிறார்.

கிளிநொச்சியில் இவ்வளவு பேர் இருக்க, தீர்ப்புக்கு என்னைத் தேடியதன் காரணம் விளங்குகிறது. முள்ளியவளையில் என் அப்பா எண்பதுகளில் ஒரு ரிவி, ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர் வைத்து வாடகைக்குப் படம் போடத் தொடங்கினார். அவருக்குப் பிறகு நான். சாமத்தியவீடு, கலியாணவீடு, கோயில் திருவிழா, வெளிநாட்டில் இருந்து ஆள் வந்த வீடு என்று ஓர் இரவுக்கு மூன்று படம் ஓடும். விடியப்புறம் மூன்றாவது படம் முடியும்போது முழித்திருப்பது நானும் நுளம்புத்திரியும்தான்.

அப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. படத்தின் பெயர், யார் வீடு, என்ன விசேஷம், கடைசியில் ‘திரும்ப’ என்று ஒரு நிரல். அதே விசேஷத்துக்கு அதே படத்தை மறுபடியும் கேட்டால் அந்த நிரலில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி வைப்பார். படத்தை வகை பிரிக்க நான் கற்றுக்கொண்டது அந்தப் புள்ளிகளில் இருந்துதான். ‘பாசமலர்’ எல்லாருக்கும் பிடிக்கும், எல்லாரும் அழுவார்கள். ஆனால் சாமத்தியவீட்டில் அதைப் போட ஒரு தாயும் விட்டதில்லை. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து செத்துப்போகிற கதையைப் பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் வார்த்த அன்று யார் பார்ப்பார்கள்? பாசமலர் குடும்பப் படம் என்று பத்திரிகை எழுதும். கொப்பியில் அது ‘கோயில்’ பக்கத்தில் கிடந்தது. திருவிழாவில் அழுதால் யாருக்கும் குற்றமில்லை.

சரி, நத்தார்ப் படம், தீபாவளிப் படம் என்று சொல்கிறோமே, அது என்ன கணக்கு? தமிழ்நாட்டுக்காரரைக் கேட்டால் வெளியான நாளைச் சொல்வார்கள். தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வந்து மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். ‘பராசக்தி’ 1952 தீபாவளி. 1987 தீபாவளிக்கு ‘நாயகன்’, ‘மனிதன்’ இரண்டும் ஒரே நாள். அது வியாபாரக் கணக்கு. பண்டிகைக் காசு கையில் இருக்கிற சனம், லீவு, புது உடுப்பு. படத்துக்குள் ஒரு மத்தாப்புக் குச்சிகூட இல்லாவிட்டாலும் அது தீபாவளிப் படந்தான்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை. 1995 தீபாவளியை எடுங்கள். ஒக்டோபர் 23ஆம் திகதி ‘முத்து’வும் ‘குருதிப்புன’லும் அங்கே ஒன்றாக வெளியாயின. ஒரு கிழமை கழித்து, 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் முழுவதும் மழைக்குள் இடம்பெயர்ந்தது. அந்தச் சனத்தில் பெருந்தொகை பின்னர் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தது. இங்கே மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, படம் பார்ப்பதற்கே கட்டுப்பாடு இருந்த காலம். முத்து என் கைக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த தீபாவளியும் போய்விட்டது. பல கை மாறிய கசற், ரஜினியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு படம் முழுக்க ஓடும். அதை முதலில் போட்டது ஒரு மாசி மாதம், குழந்தைக்குச் சோறு தீத்திய வீட்டில். கொப்பியில் முத்து ‘சோறு தீத்தல்’ என்றுதான் ஏறியது. ஆகவே வெளியான திகதியை வைத்து வகை பிரிக்கிற பேச்சை வன்னியில் நின்றுகொண்டு நீங்கள் எடுக்க வேண்டாம்.

இந்த இரண்டு படத்தையும் மறந்துவிடாதீர்கள். ரீமேக் பற்றிச் சொல்லும்போது மறுபடி வரும்.

அடுத்தது, படத்துக்குள் பண்டிகை இருக்க வேண்டும் என்கிற கட்சி. உங்கள் நண்பர்களில் அரைவாசிப்பேர் இதில்தான் நிற்கிறார்கள் என்று தெரிகிறது. ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ 1959இல் சித்திரைப் பக்கம் வந்த படம். அதில் வரும் தீபாவளிப் பாட்டு இல்லாமல் எந்த வானொலியும் தீபாவளி கொண்டாடியதில்லை. ஆனால் படம் முழுக்க முறிந்த காதல். அதைத் தீபாவளி இரவு கேட்ட வீடு எனக்கு நினைவில்லை. பாட்டு தனியாகப் பெயர்ந்து பண்டிகைக்குப் போய்விட்டது, படம் வரவில்லை. இதைவிடப் பெரிய விசித்திரம் ‘மகாநதி’. 1994 பொங்கலுக்கு வெளியானது, உள்ளே அருமையான பொங்கல் பாட்டு இருக்கிறது, காவேரிக் கரைக் குடும்பம், வயல், எல்லாம் இருக்கிறது. திகதிக் கட்சிக்காரரும் உள்ளடக்கக் கட்சிக்காரரும் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டிய பொங்கல் படம். பொங்கல் இரவு போட்டுப் பாருங்கள். கல்கத்தாக் காட்சி வரும்போது சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும். 2024 ஜனவரி 12ஆம் திகதி, பொங்கல் லீவுக்கு, விஜய் சேதுபதி நடித்து ஒரு படம் தமிழிலும் ஹிந்தியிலும் வந்தது. கதை நடப்பது நத்தாருக்கு முதல்நாள் இரவு, பெயரே ‘மெரி கிறிஸ்மஸ்’. அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று உங்கள் நிலையத்தில் ஒரு கூட்டம் போடலாம்.

அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். இன்றைக்கு அங்கே நத்தார் என்றதும் சொல்கிற படம் ஃபிராங்க் காப்ராவின் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946 டிசம்பரில் வந்தபோது போட்ட காசு திரும்பவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காசு கொடுக்காமல் ஓட்டலாம் என்று தெரிந்ததும் தொலைக்காட்சிக்காரர் எல்லாம் டிசம்பர் வந்தால் இதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். போடப் போட, பார்க்கப் பார்க்க, ஒரு தலைமுறைக்கு அது நத்தாரின் பகுதியாகவே போனது. படத்தில் ஒரு சட்டகமும் மாறவில்லை. எங்கள் கொப்பியின் கடைசி நிரலில் புள்ளி விழுந்த கதைதான், அங்கே கொஞ்சம் பெரிய கொப்பி.

இனி டை ஹார்ட். எதிர்க்கட்சி முதலில் எடுப்பது, அது 1988 ஜூலையில், அவர்களுடைய கோடையில் வெளியானது என்பதை. அதை விடுங்கள். ‘மிரக்கிள் ஒன் தேர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்’ நத்தார்த் தாத்தாவையே வழக்குமன்றத்தில் நிறுத்துகிற படம், அதுவும் 1947இல் ஆண்டு நடுவில்தான் வந்தது. இரண்டாவது, கதாநாயகன் புரூஸ் வில்லிஸே 2018இல் ஒரு நகைச்சுவை மேடையில் இது நத்தார்ப் படம் இல்லை, புரூஸ் வில்லிஸ் படம் என்று சொன்னது. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா இது நத்தார்ப் படந்தான் என்கிறார். நடித்தவர் சொன்னதா எழுதியவர் சொன்னதா என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை. சமைத்தவரும் பரிமாறியவரும் பெயர் வைக்கட்டும், எந்த நாளில் சாப்பிடுவது என்று சொல்வது வீட்டுக்காரர்.

கொலை நடக்கிறது என்பது மூன்றாவது. ‘ஹோம் அலோன்’ படத்தில் அந்தச் சின்னப் பெடியன் இரண்டு கள்ளருக்குச் செய்கிறதை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள். மூஞ்சியில் அயன்பொக்ஸ் விழுகிறது, தலைமயிரில் நெருப்புப் பிடிக்கிறது, வெறுங்காலில் ஆணி ஏறுகிறது. அதை நத்தார்ப் படம் இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

கதையைப் பார்த்தால், நத்தாரை எடுத்துவிட்டு டை ஹார்ட் நிற்காது. நியூயோர்க் பொலிஸ்காரன் ஒருவன், தன்னைவிட்டு லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வேலைக்குப் போன மனைவியையும் பிள்ளைகளையும் பார்க்க நத்தாருக்கு முதல்நாள் வருகிறான். நத்தார் விருந்து நடப்பதால் அவள் அந்த மாடியில் நிற்கிறாள். நத்தார் என்பதால் மற்ற மாடிகள் வெறுமையாக இருக்கின்றன. அதனால்தான் கொள்ளைக்காரர் அந்த இரவைத் தெரிந்தெடுக்கிறார்கள். ரொடரிக் தோர்ப் 1979இல் எழுதிய மூல நாவலும் நத்தார் முதல்நாள்தான். இவ்வளவும் வாசித்து அறியக்கூடியது. என்னுடைய சாட்சி வேறு.

2003 நத்தார் இரவு. அளம்பில் பக்கம் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீட்டு முற்றம். போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து ஒன்றரை வருசம், கசற் போய் சீடி வந்துவிட்டது. சாமப் பூசை முந்தின இரவே முடிந்து, அன்று முழுக்கச் சாப்பாடும் வெடியும். பெரியவர்கள் ‘அன்னை வேளாங்கண்ணி’ கேட்டார்கள், போட்டேன். அது முடியப் பெடியள் சண்டைப் படம் வேண்டும் என்றார்கள். பையில் ஆங்கிலப் படம் ஒன்றுதான் இருந்தது, வவுனியாவில் கடைக்காரப் பெடியன் ‘நத்தார்ப் படம்’ என்று சொல்லித் தந்தது. ஒருவருக்கும் ஆங்கிலம் விளங்காது. அந்த வீட்டுக்கு வந்திருந்த ரீச்சர் ஒருவர் ரிவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். படம் முழுக்க வருகிற தூஷணம் அத்தனைக்கும் அவரிடம் ஒரே மொழிபெயர்ப்பு இருந்தது, ‘சனியனே’. கண்ணாடித் துண்டுக்கு மேலால் கதாநாயகன் வெறுங்காலோடு ஓடிய இடத்தில் முற்றத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் தங்கள் காலை இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். சிப்பி கிழித்த கால்கள்.

படம் முடிந்தது. எண்பது வயது இருக்கும் அம்மம்மா ஒருவர், நித்திரை என்று நாங்கள் நினைத்தவர், பாயில் இருந்தபடியே கேட்டார்: ‘அப்ப பெடியன் மனிசியோட சேந்திட்டானோ?’ ஓம் என்றார் ரீச்சர். ‘பெருநாளுக்கு வீட்டை வாறதெண்டால் இந்தப் பாடு பட வேண்டிக்கிடக்கு, என்ன?’ என்றார் அம்மம்மா. கொழும்பில் இருந்து முதல்நாள்தான் வந்து சேர்ந்த அவருடைய பேரன் பின்னால் இருந்து, ‘இவன் கட்டடத்துக்குள்ளதானே நிண்டவன் அம்மம்மா, ஓமந்தையில நிண்டு பாக்கேல்லயே’ என்றான். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டிக் காட்டி, வெயிலில் வரிசையில் நின்று ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டியவர்கள்தான் அங்கே பாதிப்பேர்.

பெருநாளுக்கு வீட்டை வந்து சேர்கிற கதை. இதைவிடச் சரியாக அந்தப் படத்தை வகைப்படுத்தி நான் எங்கும் வாசிக்கவில்லை. ஹோம் அலோனும் அதே கதைதான், அங்கே தாய் வருகிறாள். அடுத்த வருசம் கார்த்திகையிலேயே அந்த வீட்டில் இருந்து ஆள் வந்து, ‘நத்தாருக்கு அந்த வெறுங்கால் படத்தைக் கொண்டு வாங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனது. கடைசி நிரலில் புள்ளி விழுந்தது.

2004 நத்தார் இரவு கொண்டுபோய்ப் போட்டேன். நடுச்சாமத்துக்குப் பிறகு சாமான்களை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்குத் திரும்பிவிட்டேன். விடிய, 26ஆம் திகதி, கடல் வந்தது. அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்கு ஒன்று மட்டும்: நீங்கள் அனுப்பிய அட்டவணையில் இரண்டாவது இரவு 26ஆம் திகதி என்று இருக்கிறது. அதை மாற்றுங்கள். கிளிநொச்சியில் கடல் இல்லைத்தான், ஆனால் கடற்கரையில் இருந்து வந்து குடியேறிய ஆக்கள் உங்கள் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இனி ரீமேக். சாப்பிட்ட இலை என்று சொன்னவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் காத்தவராயன் கூத்து எத்தனை முறை பார்த்திருக்கிறார்? வன்னியில் பிறந்தவர் என்றால் பத்துக்குக் குறையாது. கதை தெரியும், பாட்டுத் தெரியும், விடியப்புறம் காத்தான் கழுமரம் ஏறுவான் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பாயோடு போகிறோம். முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பார்க்கிற கிழவிமாரின் விமர்சனத்தைக் கேட்க வேண்டும். ‘முந்தியாடின கண்ணகி இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு பாடினவன், இவன் ஓடுறான்’ என்று ஒரே வசனத்தில் தீர்த்துவிடுவார்கள். அரிச்சந்திர மயான காண்டத்தை நடிகமணி வி. வி. வைரமுத்து ஆயிரக்கணக்கான முறை ஆடினார். முடிவு தெரியாமல் வந்த ஒருவரும் அந்தக் கொட்டகையில் இருந்திருக்க மாட்டார்கள்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலையே பாருங்களேன். சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த கண்ணகி சேர நாட்டுக்குப் போகிறாள். எங்கள் கதையில் அவள் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, பல இடங்களில் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் ஓரம் வந்து சேர்கிறாள். மாடு மேய்க்கிற பெடியளிடம் கிழவி வேடத்தில் வந்து பேன் பார்க்கச் சொல்கிறாள். தலையைப் பிரித்துப் பார்த்தால் ஆயிரம் கண். கடல்நீரில் விளக்கு எரிகிறது. இளங்கோவடிகள் எழுதாத இரண்டாம் பாகம் இது. வைகாசிப் பொங்கலுக்குப் போகிற சனத்தில் ஒருவராவது மூலத்தில் இப்படி இல்லையே என்று கேட்டு நான் காணவில்லை. கதை எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் கடலில் விளக்கேற்றிவிட்டது.

நான் ரீமேக்கைப் பார்ப்பதும் அந்தக் கண்ணால்தான். வந்த இடத்தில் குடியேறியதா, இல்லை பயணப் பையோடு வாசலிலேயே நிற்கிறதா?

குடியேறியதற்கு ஒரு நல்ல உதாரணம், கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. ஃபாசில் 1993இல் மலையாளத்தில் எடுத்த ‘மணிச்சித்ரதாழ்’. பழைய வீட்டில் பூட்டிக் கிடக்கும் அறை, அதில் செத்துப்போன நடனக்காரி, அவளாகவே தன்னை நினைத்துக்கொள்ளும் இளம் மனைவி. அந்த நடனக்காரி நாகவல்லி தஞ்சாவூரில் இருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண். மலையாள வீட்டுக்குள் அவள் வாயைத் திறந்தால் தமிழ் வருகிறது, அதுதான் பார்ப்பவருக்குக் குளிர் ஏற்றுகிற இடம். 2005 சித்திரைப் புத்தாண்டுக்கு பி. வாசு அதைத் தமிழில் ‘சந்திரமுகி’யாக எடுத்தார். இப்போது நாகவல்லியைத் தமிழிலேயே பேசவிட்டால் பயம் எங்கே இருந்து வரும்? ஆகவே சந்திரமுகி தெலுங்குக்காரி ஆனாள், ‘ரா ரா’ என்று தெலுங்கில் பாடினாள். அதற்கு முன் வாசுவே கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’விலும் அவள் தெலுங்குதான். 2007இல் பிரியதர்ஷன் ஹிந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தபோது அவள் வங்காளத்து மஞ்சுளிகா. ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்து வீட்டு மொழியைப் பேய்க்குக் கொடுத்திருக்கிறது. வசனத்தை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் இந்தக் கதை செத்திருக்கும்.

சந்திரமுகியில் ரஜினிக்கு என்று வைத்த சண்டையும் பில்டப்பும் எனக்குச் சலிப்பு. ஷோபனா அந்தக் கட்டிலைத் தூக்கும் காட்சிக்கு ஈடாக ஜோதிகா செய்ததையும் நான் வைக்க மாட்டேன். ஆனாலும் ஓர் இரவு இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மலையாளப் படத்தில் பேயின் வாயில் உங்கள் தாய்மொழி வரும்போது உங்களுக்கு ஏற்படுகிற உணர்வு, ஒரு மலையாளிக்கு ஏற்பட்டதே இல்லை. அங்கே மூலம் தமிழனுக்கு ஒன்று தருகிறது, ரீமேக் வேறொன்று தருகிறது.

திருஷ்யம் கதை இன்னும் தூரம் போனது. ஜீத்து ஜோசப் 2013 டிசம்பரில் மோகன்லாலை வைத்து எடுத்தார். கன்னடம், தெலுங்கு, ஹிந்தி எல்லாம் போனது. 2019இல் சீனாவில் எடுத்தபோது, குடும்பத்தைக் காப்பாற்றிய தகப்பன் கடைசியில் தானே போய்ச் சரணடைகிறான். மலையாளத்தில் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் இருந்து வெளியே நடந்து போவான். ஒரே கதை, முடிவில் இரண்டு நாட்டுக்கு இரண்டு நியாயம். எங்கள் நாட்டிலும் 2017இல் ஜக்சன் அன்ரனி நடித்து ‘தர்மயுத்தய’ என்று சிங்களத்தில் வந்தது. இயக்கியவர் தமிழ்நாட்டுச் செய்யாறு ரவி. மலையாளக் கதை, தமிழ் இயக்குநர், சிங்கள நடிகர். இதில் புதுமை இல்லை. முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’வே எஸ். எம். நாயகம் என்கிற தமிழர் தயாரித்து, மதுரையில் எடுத்து, 1947இல் வந்தது.

பாபநாசம் 2015இல் வந்தது, இயக்கியவர் அதே ஜீத்து ஜோசப். காட்சிக்குக் காட்சி மூலத்தோடு பொருந்தும், அந்த வகையில் உங்கள் நண்பரின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் வசனம் ஜெயமோகன். இடுக்கியில் இருந்த ஜோர்ஜுகுட்டி, திருநெல்வேலிப் பேச்சுப் பேசுகிற சுயம்புலிங்கம் ஆகிவிட்டான். அந்தப் பேச்சு வெறும் பூச்சு இல்லை. படித்தவர்களுக்கு முன்னால் படிக்காதவன் ஒன்றும் தெரியாதவன்போல நின்று கதைக்கிற விதம் அதில் இருக்கிறது. மோகன்லால் கண்ணால் செய்ததைக் கமல் நாக்கால் செய்தார். கடைசிக் காட்சியில் கமல் அழுவது எனக்கு ஒரு பிடி அதிகம். மோகன்லால் அழாமல் விட்டதுதான் கனம். மூலம் பெரியது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். வெளியில், பனிக்குள், பின்வரிசையில் கண்ணாடி போடாமல் இருக்கிற ஆச்சிக்கு அடிவரி வாசிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பாபநாசத்தைப் போடுங்கள்.

மோசமான ரீமேக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’வை 1998இல் கஸ் வான் சான்ட் கோணத்துக்குக் கோணம் அப்படியே மறுபடி எடுத்தார், கலர் மட்டும் புதிது. கூத்தின் கொப்பியைப் பார்த்து எழுதி, ஆடாமல் வாசித்ததுபோல இருக்கும். ‘நண்பன்’ அவ்வளவு மோசமில்லை, ஆனால் ‘3 இடியட்ஸ்’ பார்த்தவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஹிந்தி விளங்காதவனுக்கு உபகாரம். ஹிந்தியில் அது 2009 நத்தார் நாளில் வந்தது, தமிழில் 2012 பொங்கலுக்கு. திகதிக் கட்சிக்காரரிடம் இது நத்தார்ப் படமா பொங்கல் படமா என்று கேட்டு வையுங்கள்.

முத்துவையும் குருதிப்புனலையும் மறக்க வேண்டாம் என்றேனே. 1995 தீபாவளிக்கு ரஜினியும் கமலும் மோதினார்கள் என்று இன்றைக்கும் கதைக்கிறோம். முத்து, பிரியதர்ஷனின் ‘தேன்மாவின் கொம்பத்து’ மலையாளப் படத்தின் ரீமேக். குருதிப்புனல், கோவிந்த் நிஹலானியின் ‘துரோகால்’ ஹிந்திப் படத்தின் ரீமேக். மோதியது இரண்டு இரவல் கதை. ஒருவர் தனக்குத் தைத்த சட்டைபோல ஆக்கிக்கொண்டார், அந்தச் சட்டையைப் பார்க்க ஜப்பானில் இருந்தும் ஆள் வந்தது. மற்றவர் பாட்டே இல்லாமல் எடுத்தார், தீபாவளிக்கு. நான் குருதிப்புனலை ஒரு விசேஷத்துக்கும் கொண்டுபோனதில்லை. கேட்டவர் இல்லை. தனியாக இருந்து நாலுதரம் பார்த்திருக்கிறேன்.

ஆக, உங்கள் நாலு இரவு. 25ஆம் திகதி ஏழு மணிக்கு ஹோம் அலோன், பிள்ளைகள் நித்திரைக்குப் போன பிறகு பத்து மணிக்கு டை ஹார்ட். இரண்டையும் தமிழ்க் குரலில் தேடாதீர்கள். உங்களுக்குள் ஆங்கிலம் தெரிந்த, வாய் நீளமான ஒருவரை ஒலிவாங்கியோடு உட்கார வையுங்கள், தூஷணத்துக்கு என்ன சொல்வது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். 31ஆம் திகதி இரவு மணிச்சித்ரதாழ், அது அடிவரியோடு. பாபநாசத்தைப் பொங்கல் அன்று வைக்காமல் அதற்கு முதல்நாள் வையுங்கள். ஒரு பெட்டைப்பிள்ளையைக் களவாகப் படம் பிடித்து மிரட்டுவதில் தொடங்குகிற கதை. தாய் தகப்பனோடு பிள்ளைகள் இருந்து பார்க்க வேண்டியதுதான், ஆனால் பொங்கிச் சாப்பிட்ட வயிற்றோடு வேண்டாம்.

பொங்கல் இரவுக்கு ‘எங்க வீட்டுப் பிள்ளை’. 1965 பொங்கலுக்கு வந்தது, அப்பாவின் கொப்பியில் பொங்கல் பக்கத்தில் அதற்கு நேரே விழுந்த சிவப்புப் புள்ளிகள் அந்த வரியில் இடம் போதாமல் ஓரத்துக்கு ஏறியிருந்தன. ரீமேக் வேண்டாம் என்ற நண்பரை முன்வரிசையில் இருத்துங்கள். எம்.ஜி.ஆர். சவுக்கோடு படியேறிப் பாடும்போது அவர் விசில் அடிப்பார், அடிக்காமல் யாராலும் இருக்க முடியாது. அடித்து முடியட்டும். பிறகு மெல்லச் சொல்லுங்கள், இது 1964இல் என்.ரி. ராமராவ் நடித்த ‘ராமுடு பீமுடு’ என்ற தெலுங்குப் படத்தின் ரீமேக், இரண்டையும் இயக்கியவர் ஒரே தாபி சாணக்யாதான் என்று.